டேப்புக்குள் இருப்பவர்களை விசாரித்தவள்

விடைத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு எல்லோரையும் அனுப்பிவிட்டேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம் அடங்கிவிட்டது. அவள் மட்டும் போகாமல் என் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"அக்கா, அந்தப் பொண்ணு எதுக்கு அழுதுட்டு வந்து பேசுதா?"

எந்தப் பெண் என்று கேட்டேன். சைக்கிள் வாடகைக்கு எடுக்க ஃபோன் பண்ணினாளே, அவள்தான் என்றாள். டேப்பில் வந்த பெண்! நான் அவளுடைய விடைத்தாளைத் திருப்பிப் பார்த்தேன். முதல் சில கட்டங்கள் அழகாக நிரம்பியிருந்தன. அதற்குப் பிறகு வெறும் வெள்ளைதான். அழுதவளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததில் சைக்கிளின் வாடகை, கடையின் விலாசம், திருப்பிக் கொடுக்கவேண்டிய கிழமை எல்லாம் அவள் காதைத் தாண்டிப் போயிருந்தன.

நான் மாட்டுங்காவில் ஒரு கோச்சிங் சென்டரில் வேலை பார்க்கிறேன். ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடி. சொல்லிக்கொடுப்பது சார். அட்மிஷன் போடுவது, ஃபீஸ் வாங்குவது, ஃபேன் ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிடுவது, மாதிரித் தேர்வுக்கு ஆடியோவை ஓடவிடுவது எல்லாம் நான். கம்ப்யூட்டரில் ஓடுவதைச் சார் பழைய பழக்கத்தில் டேப் என்றே சொல்வார், எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வில் காதால் கேட்டு எழுதுகிற பகுதி ஒன்று உண்டு. யாரோ இரண்டு பேர் பேசுவார்கள், கேட்டுக்கொண்டே கட்டங்களை நிரப்ப வேண்டும். ஒரே ஒரு முறைதான் ஓடும். தவறவிட்டால் தவறவிட்டதுதான். அந்தச் சைக்கிள் பெண்ணை நான் எத்தனையோ வருஷமாக ஓடவிட்டிருக்கிறேன். அவளுக்கு ஒரு மூக்கு உண்டு, அதை அவள் சிந்தியிருப்பாள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

என் மேஜைக்கு முன்னால் நின்றவள் செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். பிறந்து வளர்ந்தது தாராவி, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சென்டரில் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் பெயரைப் போடவில்லை. போட்டால் எதற்குப் போட்டீர்கள், யார் கேட்டார்கள், படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஆரம்பிப்பாள், என்னால் பதில் சொல்லி மாளாது.

கேள்வி கேட்பதுதான் அவள். மருந்து கேட்டு வருகிறவர்களிடம் நர்ஸ் கேட்கும் கேள்வி இல்லை, வேறு தினுசு. சென்டருக்கு வந்த முதல் நாளே என்னிடம், உங்கள் வீட்டில் யாருக்கு இருமல் என்றாள். என் அண்ணாவுக்கு. எப்படித் தெரியும் என்று கேட்டேன். கீழே தெருவில் யாரோ இருமியதும் நான் தலையைத் திருப்பினேனாம். குர்லாவில் ரயில் மாறும்போது ஒரு பழக்காரியிடம் உன் மகன் ஊரிலிருந்து வந்துவிட்டானா என்று விசாரிப்பாள். அந்தப் பழக்காரியை அதற்கு முன் ஒருமுறைதான் பார்த்திருப்பாள். சிலருக்கு இது பிடிக்கும், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு முதலில் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. நாங்கள் பக்கத்து ஃப்ளாட்டில் சண்டை நடந்தால்கூட டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொள்ளும் வம்சம்.

அவளுக்கு அந்தத் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரி வீடியோவில் பேசிப் பார்த்து அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆங்கிலத் தேர்வில் படிப்பது, எழுதுவது, பேசுவது மூன்றிலும் தேறிவிட்டாள். கேட்பதில் மட்டும் முதல் தடவையும் போய், இரண்டாம் தடவை அரை மார்க்கில் போயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் அந்த அரை மார்க்கைக் காட்டாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். ஏணி ஏறி மேல்தட்டில் படுக்கவேண்டிய வீட்டில் அம்மாவுக்கு முட்டி போய்விட்டது. தரையோடு ஒரு வீடு பார்த்து அம்மாவை அதில் உட்கார வைக்கவேண்டும் என்று சொல்வாள். அதோடு நிறுத்த மாட்டாள்.

"எனக்கே போயிப் பாக்கணும்னு இருக்குக்கா. அங்க உள்ளவங்களுக்கு வலிச்சா எப்படிக் கத்துவாங்க? நம்மள மாதிரி அம்மான்னு கத்துவாங்களா, இல்ல சத்தமே போட மாட்டாங்களா?"

பேச்சுத் தேர்வில் அவள் அடித்த கூத்தை சார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். எதிரே உட்கார்ந்திருந்த தேர்வாளர் உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றாராம். சொல்லி முடித்துவிட்டு, நேற்று ராத்திரி உங்களுக்குத் தூக்கம் சரியில்லையா என்று ஆங்கிலத்தில் அவரைக் கேட்டிருக்கிறாள். அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாராம். அதில் நல்ல மார்க்தான் வந்தது. இத்தனை ஆங்கிலம் பேசத் தெரிந்தவளுக்குக் கேட்பதில் மட்டும் ஏன் போகிறது என்று சாருக்குப் புரியவே இல்லை. காதில் கோளாறாக இருக்கும், டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொன்னார்.

கோளாறு எங்கே என்று எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில்தான் தெரிந்தது. சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். கீழே ஒருவர் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார், மெஷின் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே அறை, மேலே பலகை போட்ட தட்டு. அம்மா கடலைக்குழம்பும் அப்பளமும் வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் அவள் ஃபோனை எடுத்து அரிசி டின் மேல் நிமிர்த்தி வைத்து, ஸ்பீக்கரில் டேப்பை ஓடவிட்டாள். இயர்ஃபோன் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் அதை மாட்டினால் வீட்டில் சண்டை வரும் என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அம்மாதான் விளக்கினார். ஒரே அறையில் இத்தனை பேர் இருக்கும்போது ஒருத்தி காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன அர்த்தம்? கூப்பிட்டால் கேட்காது. உங்கள் பேச்சு எனக்கு வேண்டாம் என்று மூஞ்சியில் அடிக்கிற மாதிரிதானே அது. அந்தச் சந்தில் யாருக்கு ஃபோன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்களாம். ஊரிலிருந்து வரும் ஃபோன் என்றால் எதிர்வீட்டிலிருந்தும் வந்து வாசலில் உட்கார்ந்துகொள்வார்கள். அண்ணன் பேசுவான், மதினி பேசுவாள், இங்கே எல்லோரும் நடு நடுவே பேசுவார்கள். ஃபோனை வைத்த பிறகுதான் உண்மையான பேச்சே ஆரம்பமாகும். அவள் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாளே, குரல் அப்படி இல்லையே. மழை பெய்தது என்று சொல்வதற்கு முன் ஏன் தயங்கினான்? அங்கே என்ன நடக்கிறது? வார்த்தையை யாரும் நம்புவதில்லை. ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊரிலிருந்து கெட்ட செய்தியை யாரும் வார்த்தையில் சொல்வதில்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இதில் அவள் சின்ன வயதிலேயே பேர் வாங்கியவளாம். எதிர்வீட்டுக்காரரின் மகளைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பெண் ஃபோனில் சிரித்துச் சிரித்துப் பேசினாளாம், மாமியார் தங்கம் என்றாளாம். ஃபோனை வைத்ததும் இவள், அக்கா சாப்பிடவே இல்லை, வயிறு காய்ந்த குரல் என்று சொல்லியிருக்கிறாள். அவர் அடுத்த ரயிலில் போய்ப் பார்த்தபோது அந்தப் பெண்ணை ஒரு அறையில் பூட்டி வைத்திருந்தார்கள். கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பெண் இப்போது மான்குர்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். அம்மா இதைச் சொல்லும்போது இவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அன்றைக்கு ஓடிய டேப்பில் ஒரு ஆள் பிறந்தநாள் விருந்துக்கு ஹால் விசாரித்துக்கொண்டிருந்தான். பட்டறைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு ஏணிக்குக் கீழே வந்து நின்றார். அவருக்கும் அம்மாவுக்கும் ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. டேப் பாதியில் இருக்கும்போதே அம்மா கேட்டார்.

"ஏட்டி, இந்தப் பய யாருக்கு விருந்து வைக்கான்? சந்தோசமா வைக்கிற மாதிரி தெரியலையே."

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவுக்காம் என்றாள். அப்படியென்றால் ஏன் சின்ன ஹால் போதும் என்கிறான் என்று பட்டறைக்காரர் கேட்டார். அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு இல்லை போலிருக்கிறது என்று அம்மா முடிவு செய்தார். அதற்குள் டேப் முடிந்துவிட்டது. விடைத்தாளில் பாதிக்கு மேல் காலி. ஆனால் அந்த ஹால் கேட்டவனுடைய குடும்ப விவகாரம் ஒரு சந்துக்கே தெரிந்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் பயமாகிவிட்டது, ஏனென்றால் இவள் தேர்வு எழுதவே இல்லை, ஊரிலிருந்து வந்த ஃபோனைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்துபோயிற்று.

சாரிடம் சொன்னேன். சிஸ்டருக்கு இங்கிலீஷ் பிரச்சினை இல்லை, வம்புப் பிரச்சினை என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவளைக் கூப்பிட்டு, டேப்பில் பேசுகிறவர்கள் நிஜமான ஆட்கள் இல்லை, கூலிக்குப் பேசுகிறவர்கள், எழுதிக்கொடுத்ததைப் படிக்கிறார்கள், அவர்களுக்கு அப்பாவும் இல்லை அழுகையும் இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, அப்படியானால் கூலிக்குப் பேச வந்த அன்றைக்கு அந்தப் பெண் எதற்காக அழுதிருப்பாள் என்று கேட்டாள். சார் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

அவளை விட்டுவிட மனசு வரவில்லை. மழை ஆரம்பித்து ரயில்கள் நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தன, நாள் குறைந்துகொண்டே வந்தது. வகுப்பு முடிந்த ஒரு சாயங்காலம் அவளை உட்காரவைத்து ஒரு ஏற்பாடு சொன்னேன்.

"சிஸ்டர், கேள்வியெல்லாம் உள்ளேயே வச்சுக்கோங்கோ. டேப் ஓடறவரைக்கும் எழுதறது மட்டும்தான். முடிஞ்சதும் என்னைக் கேளுங்கோ, நான் சொல்றேன்."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"எத்தனை வருஷமா போட்டுண்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

வாய் கூசாமல் புளுகினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கேள்வியைக் கொண்டுபோய்ப் போட ஒரு இடம் கிடைத்ததே.

அதன் பிறகு தினமும் டியூட்டி முடித்து வருவாள். ஒரு டேப் ஓடும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதுவாள். முடிந்ததும் கேள்வி ஆரம்பமாகும். மியூசியத்தில் வழி சொன்ன கிழவனுக்கு ஏன் மூச்சு வாங்கியது? படகுப் பயணத்தை ரத்து செய்தவள் ஏன் காரணத்தை இரண்டு விதமாகச் சொன்னாள்? நான் இட்டுக்கட்டிச் சொல்வேன். கிழவன் அப்போதுதான் மாடி ஏறி வந்தான். படகுக்காரிக்குத் தண்ணீர் என்றால் பயம், வெளியே சொல்ல வெட்கம். முதல் சில நாள் சுலபமாக இருந்தது. பிறகு அவள் மடக்க ஆரம்பித்தாள். மாடி ஏறினவன் அவ்வளவு நேரம் கழித்துமா மூச்சு வாங்குவான், அவன் பயந்திருக்கிறான் என்பாள். பதில் சரியில்லாவிட்டால் அடுத்த டேப்பைப் போடவே விடமாட்டாள். வேறு வழியில்லாமல் அவள் வருவதற்கு முன் நானே டேப்பைத் தனியாகப் போட்டுக் கேட்டுப் பார்த்து வைத்துக்கொள்வேன். அப்போதுதான் அந்தச் சைக்கிள் பெண் தன் பெயரைச் சொல்வதற்கு முன் மூச்சை இழுத்துக்கொள்வது எனக்குக் கேட்டது. இத்தனை வருஷம் எங்கே போயிருந்தது என் காது? வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணாவிடம் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசப்போக, யாரது, உங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளா என்று அவன் கேட்டான்.

மார்க் ஏற ஆரம்பித்தது. காலிக் கட்டங்கள் குறைந்தன. கடைசி வாரத்தில் சாரே வந்து அவள் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் என்ன மந்திரம் போட்டீர்கள் என்று கேட்டார். கேள்விகளும் குறைந்துவிட்டிருந்தன. ஏற்பாடு பலிக்கிறது என்று நினைத்து நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தேர்வு அன்றைக்குக் காலையிலிருந்து கொட்டு கொட்டென்று கொட்டியது. எனக்கு ஆபீஸில் எதுவும் ஓடவில்லை. மத்தியானம் புடவையெல்லாம் நனைந்து நேராகச் சென்டருக்கு வந்தாள். எல்லாக் கட்டத்தையும் எழுதிவிட்டதாகச் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. டீ வரவழைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, எங்கே கேளுங்கோ என்று உட்கார்ந்தேன். அவள் கேட்கவில்லை.

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்லக்கா. யாரு பேசினாங்கன்னே ஞாபகம் இல்ல. ஆம்பளையா பொம்பளையான்னுகூடச் சொல்லத் தெரியல. எழுதினது மட்டுந்தான் இருக்கு."

அதுதானே வேண்டும், அதற்குத்தானே இத்தனை பாடு என்றேன். ஆமாம் என்று டீயைக் குடித்தாள்.

ரிசல்ட் வந்தபோது அந்த ஆஸ்பத்திரி கேட்டதைவிட அதிகமாகவே மார்க் இருந்தது. சந்தில் எல்லோருக்கும் லட்டு. சார்கூடத் தாராவிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் எல்லோருக்கும் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள், சிரித்தாள். நான் புறப்படும்போது மெயின் ரோடு வரைக்கும் கூட வந்தாள். அந்த வழியில் எப்போதும் நாலு பேரை நிறுத்தி விசாரிப்பவள், அன்று யாரையும் நிறுத்தவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று, வார்டில் நேற்று ஒரு கிழவி செத்துப்போனாள், அதற்குச் சற்று முன்னால் வலிக்கவில்லை என்று சொன்னாள், நான் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன் என்றாள். எப்படியும் பிழைக்கிற கேஸ் இல்லை என்று டாக்டரே சொன்னாராம்.

"இருந்தாலும் நான் கேட்டிருப்பேன்க்கா. முன்னாடின்னா பக்கத்துல உக்காந்து கேட்டிருப்பேன். காதுல பஞ்ச வச்ச மாதிரி இருக்கு. அங்க போயி இப்படியே இருந்துட்டேன்னா?"

டென்ஷன், எல்லாம் சரியாகிவிடும் என்றேன். வேறு என்ன சொல்வது? மார்க்குக்காக அவளுடைய காதையே நான் மாற்றி வைத்துவிட்டேனோ என்று அன்று பஸ்ஸில் வீடு வரைக்கும் அதே நினைப்பாக இருந்தது. கணபதி கரைத்து முடிந்த வாரத்தில் அவள் விமானம் ஏறிவிட்டாள்.

அவளிடமிருந்து ஃபோன் வருவதற்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. ஒரு நாள் மாதிரித் தேர்வுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில் வந்தது. குளிர், பஸ், அரிசி கிடைக்கிற கடை, அம்மாவுக்குத் தரையோடு வீடு பார்த்தாயிற்று, செம்பூரில், எல்லாம் வரிசையாகச் சொன்னாள். நான் அதில் எதையும் சரியாகக் கேட்கவில்லை. குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தானாகவே ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னாள்.

அவள் வார்டில் ஒரு வயசானவர். தினமும் காலையில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பார். எல்லோரும் அதையே எழுதிவிட்டுப் போவார்கள், இவளும் எழுதினாள். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகள் சொன்னதை அடுத்த நர்ஸிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள், கேட்கிற திறன் பிரமாதம் என்று மேலே உள்ளவர்கள் பாராட்டினார்களாம். ஒருநாள் அவர் வழக்கம்போல நன்றாக இருக்கிறேன் என்றார். இவள் எழுதிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். வந்தவளுக்கு அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. திரும்பிப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்ன ஆச்சு என்று கேட்டாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். பாதி புரியவில்லை, அந்த ஊர்ப் பேச்சு எந்த டேப்பிலும் இல்லாத பேச்சு. ஆனால் முழுக்கக் கேட்டாள்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்ன சொன்னார்?"

மகன் வரவில்லையா, பெண்டாட்டி போய்விட்டாளா, சாகப் பயமா என்று அடுக்கினேன். ஃபோனுக்கு அந்தப் பக்கம் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இத்தனை நாள் பழகியும் அதைப் பிரித்துக் கேட்க எனக்கு வரவில்லை.

"டேப்புல உள்ளவங்களப் பத்தி நாம எவ்வளவு வேணும்னாலும் பேசலாம்க்கா. இவரு நிசமான ஆளு. என்னய நம்பிச் சொல்லியிருக்காரு."

அண்ணாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள், சொன்னேன். வார்டில் மணி அடிக்கிறது என்று வைத்துவிட்டாள். ஆட்கள் எல்லோரும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டேப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஏதோ ஒரு ஊரில், பெயர் தெரியாத ஒரு கிழவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அப்படி என்னதான் சொல்லியிருப்பார்? அவள் சொல்ல மாட்டாள், எனக்கு மனசு ஆறவே இல்லை.